மூலைவிட்டம் எங்கே? இப்னு ஸீனாவின் ஆட்சேபமும் ஸ்பின் நுரையின் வரலாறும்

1990களின் நடுப்பகுதியில் எங்கள் பாடசாலை ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கட்டுரையின் சாரம் இதுதான்: இடமும் காலமும் மேலும் பிரிக்க முடியாத துணிக்கைகளால் ஆனவையாக இருக்கலாம் என்று மேற்குலக விஞ்ஞானிகள் இப்போதுதான் பேசுகிறார்கள், எமது முதகல்லிமூன்களோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே அதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். மலர் வெளியீட்டில் இரண்டு பேர் கட்டுரையைப் புகழ்ந்து பேசினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த கிழமை ஒரு மாணவன் வகுப்பு முடிந்தபின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அதிகம் கதைக்காத பிள்ளை.

“சேர், நம்மட பள்ளிவாசல் தரையில டைல்ஸ் பதிச்சிரிக்கி தானே. சதுரமா ஒரு பகுதிய எடுத்து எண்ணிப் பாத்தன். ஒரு பக்கத்துக்கு இருபது. மூலைக்கு மூலை எண்ணினாலும் இருபதுதான். இடம் எல்லாம் இப்பிடித் துண்டு துண்டா இரிந்தா, பைதகரசுக்கு என்ன நடக்கும்?”

துண்டுகள் மிகமிகச் சிறியவை, ஆகவே வித்தியாசம் தெரியாது என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை. “எவ்வளவு சிறிசாக்கினாலும் எண்ணிக்கை ஒண்டுதானே சேர்? பக்கத்துக்கு ஒரு கோடி எண்டா மூலைவிட்டத்துக்கும் ஒரு கோடிதான். 1.414 எங்கிருந்து வரும்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்தது நல்லதாய்ப் போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகுதான், அந்தப் பையன் கேட்ட கேள்வி இப்னு ஸீனா கேட்ட கேள்வி என்று அறிந்தேன். 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் அபுல் ஹுதைல் அல்-அல்லாஃப் போன்ற முஃதஸிலாக்கள் பிரிக்க முடியாத துணிக்கை என்ற கருத்தை வளர்த்தார்கள். அவரது சகோதரியின் மகன் நழ்ழாமே அதை மறுத்தவர்களில் முதன்மையானவர். மாமனுக்கும் மருமகனுக்கும் இடையிலான அந்த விவாதம் தனிக்கட்டுரைக்கு உரியது. பின்னர் அஷ்அரிகள் அந்தத் துணிக்கைக் கொள்கையைத் தமதாக்கிக்கொண்டார்கள். இப்னு ஸீனா ‘ஷிஃபா’வின் இயற்கையியல் பகுதியில் அதற்கு எதிராக வரிசையாக ஆட்சேபங்களை வைக்கிறார். அவற்றில் ஒன்று சதுரம். துணிக்கைகளை வரிசை வரிசையாக அடுக்கிச் சதுரம் செய்தால், மூலைவிட்டத்திலுள்ள துணிக்கைகளும் பக்கத்திலுள்ள துணிக்கைகளும் எண்ணிக்கையில் ஒன்றாகிவிடும். ஆனால் மூலைவிட்டம் பக்கத்தை விட நீளமானதென்பது கண்ணுக்கே தெரியும். 1949இல் ஹேர்மன் வைல் என்ற ஜேர்மன் கணித மேதை இதே வாதத்தைத் தரை ஓடுகளை வைத்து எழுதினார். இன்று மெய்யியல் நூல்களில் அது வைலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஆக, “எம்மவர்கள் அன்றே சொன்னார்கள்” என்று நான் எழுதியபோது பாதியைத்தான் எழுதியிருந்தேன். சொன்னவர்களும் எம்மவர்கள்தான், “அப்படியானால் மூலைவிட்டம் எங்கே?” என்று மறித்தவர்களும் எம்மவர்கள்தான். இரண்டாவது தரப்பை நான் விட்டுவிட்டேன். இடம் துணிக்கைகளால் ஆனது என்று சொல்வது லேசு. அந்தத் துணிக்கைகள் நாம் அளக்கும் வழவழப்பான கேத்திர கணிதத்தை எப்படித் திருப்பித் தருகின்றன என்று காட்டுவதுதான் கஷ்டம். இன்றைய பௌதிகவியலில் ‘ஸ்பின் நுரை’ என்று ஒரு கொள்கை இருக்கிறது. அதன் வரலாற்றை வாசிக்க வாசிக்க, அது தொடக்கம் முதல் இன்றுவரை இந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும் வரலாறாகவே எனக்குத் தெரிந்தது. அதை எழுதிவிட்டால் ஆண்டு மலர்க் கடன் கொஞ்சமாவது தீரும்.

*

1854 ஜூன் மாதம் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் றீமான் தனது புகழ்பெற்ற விரிவுரையை நிகழ்த்தினார். முதியவரான கவுஸ் சபையில் இருந்தார். இடம் தொடர்ச்சியானதாக இருந்தால் அளவு வெளியிலிருந்து வரவேண்டும்; தனித்தனி உறுப்புகளால் ஆனதாக இருந்தால் எண்ணிக்கையிலிருந்தே அளவு வந்துவிடும் என்ற கருத்து அந்த விரிவுரையின் முடிவில் வருகிறது. ஐன்ஸ்டைன் தொடர்ச்சியான இடத்தை எடுத்துக்கொண்டார். 1915இல் அவர் பூர்த்திசெய்த பொதுச் சார்புக் கொள்கையில் ஈர்ப்பு என்பது இட-காலத்தின் வளைவு.

பத்து வருடங்கள் கழித்துக் குவாண்டம் பொறிமுறை வந்தது. அணுவின் சக்தி தொடர்ச்சியாக அல்லாமல் படிப்படியாகவே மாறும் என்றாயிற்று. அப்படியானால் ஈர்ப்பும், ஈர்ப்பே இடம் என்பதால் இடமும், அதே விதிக்கு அடங்க வேண்டாமா? 1930இல் ஹைசன்பேர்க் இடத்தையே கட்டம் போட்ட தாள் போலக் கற்பனை செய்து பார்த்தார். சார்புக் கொள்கையோடு பொருந்தவில்லை, கைவிட்டார். கட்டம் போட்ட தாளுக்கு விசேடமான திசைகள் உண்டு, உண்மையான இடத்துக்கு இல்லை. பள்ளிவாசல் தரைக்கு வந்த அதே வருத்தம்தான்.

கட்டத்தில் தொடங்காமல், அளத்தல் என்ற செயலிலிருந்தே பிரச்சினையைப் பிடித்தவர் லெனின்கிராட்டில் இருந்த மத்வேய் பிரான்ஸ்டைன். 1906இல் பிறந்தவர். ஈர்ப்பு அலைகளைக் குவாண்டமாக்குவது பற்றிய ஆய்வை 1935இல் கலாநிதிப் பட்டத்துக்காக ஃபொக், தாம் என்ற இரு பெரும் பௌதிகவியலாளர்கள் முன் வைத்து வாதிட்டார். 1936இல் கட்டுரைகளாக வெளியிட்டார். அவரது வாதத்தை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். மிகச் சிறிய ஓர் இடத்தில் ஈர்ப்புப் புலத்தை அளக்க வேண்டுமானால் அங்கே ஒரு சோதனைப் பொருளை வைக்கவேண்டும். அளவீடு துல்லியமாக வர அது பாரமானதாக இருக்கவேண்டும். ஆனால் சிறிய இடத்தில் மேலும் மேலும் திணிவைத் திணித்தால், ஒரு கட்டத்தில் அதன் சொந்த ஈர்ப்பே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே ஓர் எல்லைக்குக் கீழே ‘இந்த இடம்’ என்று சுட்டுவதற்கே பொருளில்லை. பிளாங் 1899இலேயே கணக்கிட்டு வைத்திருந்த நீளம் அந்த எல்லையைக் காட்டுகிறது: மீற்றரில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 34 பூச்சியம் போட்டு 16. இடம், காலம் பற்றிய எமது வழமையான எண்ணங்களையே விடவேண்டி வரலாம் என்று பிரான்ஸ்டைன் எழுதினார்.

1937 ஓகஸ்டில் ஸ்டாலினின் பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. மனைவி லிடியா சுகோவ்ஸ்கயா எழுத்தாளர். “10 வருடச் சிறை, கடிதத் தொடர்பு உரிமை இல்லை” என்று அவருக்குச் சொன்னார்கள். அந்நாட்களில் அந்த வாசகத்தின் அர்த்தம் சுட்டுவிட்டோம் என்பதுதான். 1938 பெப்ரவரி 18இல் பிரான்ஸ்டைன் கொல்லப்பட்டார், வயது 31. சிறுவர்களுக்காக ஹீலியம் வாயுவின் கதையை அழகாக எழுதிய மனிதர். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருப்பது என்னவென்று எமது நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் தொடங்கிய கேள்வியும் அதன்பின் வெகுகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

1950களில் அமெரிக்காவில் ஜோன் வீலர் அதை மறுபடி எடுத்தார். ‘நுரை’ என்ற சொல் அவர் கொண்டுவந்தது. விமானத்தின் உயரத்திலிருந்து பார்த்தால் கடல் மட்டமாகத் தெரியும். தாழப் பறந்தால் அலை தெரியும். தோணியில் இறங்கினால் நுரை தெரியும். இடமும் அப்படித்தான் என்றார். ஆனால் வீலரின் நுரை ஓர் உவமை மட்டுமே. அதற்குக் கணக்கு இருக்கவில்லை.

*

கணக்கு எதிர்பாராத இரண்டு இடங்களிலிருந்து வந்தது. இந்த இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் என்பதால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் இத்தாலியின் தூரின் நகரத்து துல்லியோ ரெஜ்ஜே. 1961இல் அவர் ஐன்ஸ்டைனின் கொள்கையை ஆள்கூறுகளே இல்லாமல் எழுதிக் காட்டினார். ஒரு மட்டையில் வட்டம் வெட்டி, அதிலிருந்து ஒரு ஆப்புத் துண்டை நீக்கி, விளிம்புகளை ஒட்டுங்கள். கடலைச் சுருள் போல ஒரு கூம்பு வரும். மட்டை எங்கும் வளையவில்லை, முழு வளைவும் நுனியில்தான். எவ்வளவு கோணத்தை வெட்டி எடுத்தோமோ அதுவே வளைவின் அளவு. நாலு பரிமாண இட-காலத்தையும் இப்படித் தட்டையான துண்டுகளை ஒட்டிக் கட்டலாம் என்று ரெஜ்ஜே காட்டினார். அங்கே வளைவு துண்டுகள் சந்திக்கும் முக்கோணங்களில் உட்கார்ந்திருக்கும். தேவையானவை விளிம்புகளின் நீளங்கள் மாத்திரமே.

இரண்டாமவர் றொஜர் பென்றோஸ், 2020இல் நோபல் பரிசு பெற்ற அதே பென்றோஸ். இடம் என்ற ஒன்றை முன்கூட்டி எடுத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்க முடியுமா என்று அவர் பார்த்தார். இலத்திரன் போன்ற துணிக்கைகளுக்கு ஸ்பின் என்றொரு சுழற்சிக் குணம் உண்டு. அதன் அளவு அரை, ஒன்று, ஒன்றரை என்றுதான் வரும், இடைப்பட்ட எண் கிடையாது. கோடுகளை வரைந்து ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படியொரு எண்ணைக் கொடுத்து, அவை முடிச்சுகளில் குவாண்டம் விதிப்படி சேரும் வலையொன்றைப் பென்றோஸ் உருவாக்கினார். அதுதான் ‘ஸ்பின் வலை’. 1971இல் கட்டுரையாக வந்தது. அந்த வலையில் நீளமுமில்லை, திசையுமில்லை. யாருக்கு யார் தொடுப்பு என்பதும் எண்களும் மட்டுமே. பெரிய எண் கொண்ட இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றிலிருந்து அரை ஸ்பின்னைப் பிரித்து மற்றதோடு சேர்த்தால், அதன் எண் கூடுமா குறையுமா என்பதற்கு ஒரு நிகழ்தகவு வரும். அந்த நிகழ்தகவை ஒரு கோணமாக வாசிக்கலாம். இப்படிக் கிடைக்கும் கோணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தால், நாம் உயிர்வாழும் முப்பரிமாண இடத்தின் கோணங்களாகவே பொருந்துகின்றன!

இந்த இடத்தை முதல்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போனேன். என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான். துணிக்கைகளைத் தரை ஓடு போல ஏற்கனவே உள்ள ஓர் இடத்தில் அடுக்கினால் மூலைவிட்டம் வரவே வராது. இடத்தை எடுத்துவிட்டு, உறவுகளை மட்டும் குவாண்டம் விதிப்படி அடுக்கினால் கோணம் தானாக வருகிறது.

ரெஜ்ஜே சும்மா இருக்கவில்லை. அணுக்களின் நிறமாலையைக் கணக்கிடுவோர் 1940களிலிருந்து ‘ஆறு-ஜே குறியீடு’ என்ற எண்ணைப் பாவித்துவந்தார்கள். ஆறு ஸ்பின்களைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தரும் சூத்திரம் அது. ஜூலியோ ராக்கா என்ற இத்தாலியரின் பணியோடு தொடர்புடையது. நான்முகி ஒன்றுக்கு விளிம்புகள் ஆறு. அந்த ஆறு ஸ்பின்களையும் விளிம்புகளின் நீளங்களாக எடுத்தால் என்ன? 1968இல் போன்ஸானோவும் ரெஜ்ஜேயும் செய்து பார்த்தார்கள். ஸ்பின்கள் பெரிதாகும்போது அந்தக் குறியீடு ஒரு கோசைனாகிறது. பின்னத்தின் கீழே நான்முகியின் கனவளவு நிற்கிறது, கோசைனுக்குள்ளே ரெஜ்ஜே 1961இல் எழுதிய ஈர்ப்புச் சூத்திரம் நிற்கிறது. அணு நிறமாலைக்காரர்கள் அட்டவணை போட்டு வைத்திருந்த எண்களுக்குள் முப்பரிமாண ஈர்ப்பு ஒளிந்துகிடந்திருக்கிறது. அவர்கள் இதை ஊகித்துச் சரிபார்த்தார்களே தவிர, முழுமையான கணித நிறுவல் ஜஸ்டின் றொபேட்ஸ் மூலம் 1999இல்தான் வந்தது.

முப்பரிமாணம் என்பதைக் கவனியுங்கள். எமது உலகத்துக்கு நேரத்தையும் சேர்த்து நாலு.

*

அடுத்த திருப்பத்தில் எமது பிராந்தியத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மகாராஷ்டிராவில் பிறந்த அபே அஷ்டேகர் 1986இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுதினார். அவ்வளவு காலமும் வாயில் வைக்க முடியாமல் இருந்த சமன்பாடு கொஞ்சம் மெல்லக்கூடியதாயிற்று. கார்லோ றொவெல்லி என்ற இத்தாலியரும் லீ ஸ்மோலின் என்ற அமெரிக்கரும் அந்த மாறிகளை வைத்து, இடம் என்பது மூடிய வளையங்களின் பின்னல் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பேச்சு 1987இல் கோவாவில் நடந்த ஈர்ப்பியல் மாநாடொன்றில் வைக்கப்பட்டது. வெரோனா நகரத்துக் கடைகளில் சாவி வளையங்களை வாங்கிக் கோர்த்து இடத்தின் மாதிரியைச் செய்து பார்த்ததாக றொவெல்லி எழுதியிருக்கிறார். 1992இல் இவர்கள் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நெசவு வருகிறது. பாய் பின்னும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தூரத்தில் பார்த்தால் பாய் ஒரே பரப்பு, கிட்டப் போனால் பன் இழைகள். ஆனால் பாயின் இழைக்குக் கீழே தரை உண்டு. இந்தப் பின்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை, பின்னல்தான் தரையும்.

1995இல் றொவெல்லியும் ஸ்மோலினும் பரப்பளவையும் கனவளவையும் கணக்கிட்டார்கள். இரண்டும் படிப்படியாகவே வந்தன. யாரும் துணிக்கையைக் கையால் உள்ளே போடவில்லை. ஐன்ஸ்டைனின் கொள்கைக்குக் குவாண்டம் விதியைப் பிரயோகித்தபோது தானாக வந்தது. அவர்கள் வந்து சேர்ந்த உருவம் பென்றோஸின் அதே ஸ்பின் வலை. கோட்டிலுள்ள எண் பரப்பளவைத் தருகிறது, முடிச்சு கனவளவைத் தருகிறது. ஒரு சதுர சென்றிமீற்றரில் இப்படிப்பட்ட பரப்புத் துணிக்கைகள், ஒன்றுக்குப் பின் 65 பூச்சியம் என்ற அளவில் அடங்கும்.

ஸ்பின் வலை என்பது ஒரு கணத்துப் படம். காலம் ஓடும்போது என்ன நடக்கும்? வலையின் கோடு நகர்ந்தால் ஒரு பரப்பை வரையும். முடிச்சு நகர்ந்தால் ஒரு கோட்டை வரையும். ஒரு முடிச்சு இரண்டு மூன்றாகப் பிரியும் இடத்தில் ஒரு புள்ளி விழும். பரப்புகள் கோடுகளிலும், கோடுகள் புள்ளிகளிலும் சந்திக்கின்றன. சவர்க்கார நுரையை உற்றுப் பாருங்கள், அச்சொட்டாக அதே உருவம். 1997இல் றைசன்பேர்கரும் றொவெல்லியும் இந்தக் கணக்கை எழுதினார்கள். 1998இல் ஜோன் பயஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ‘ஸ்பின் நுரை’ என்று பெயர் வைத்தார். வீலரின் உவமைக்கு உடல் கிடைத்தது இப்படித்தான். குவாண்டம் உலகில் ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது சாத்தியமான எல்லாப் பாதைகளும் கணக்கில் சேரும் என்பது ஃபைன்மன் தந்த முறை. இங்கே பாதைக்குப் பதில் நுரை: ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், அவற்றின் பெருக்கம் நுரைக்குரிய எண், எல்லா நுரைகளையும் கூட்டினால் ஒரு வலை இன்னொரு வலையாக மாறுவதற்கான வீச்சம்.

எல்லாம் அந்தப் புள்ளிக்குரிய எண்ணில் தங்கியிருக்கிறது. நாலு பரிமாணத்தில் அது என்ன?

*

1998இல் நொட்டிங்ஹாமின் ஜோன் பறெட்டும் அமெரிக்காவின் லூயிஸ் கிரேனும் ஒரு விடையைத் தந்தார்கள். நாலு பரிமாணத்தின் அடிப்படைத் துண்டு ஐந்து நான்முகிகளால் மூடப்பட்டது, அதற்குப் பத்து முக்கோணங்கள். ஆகவே ஆறு-ஜேக்குப் பதில் ‘பத்து-ஜே’. அழகான சூத்திரம். ஏறத்தாழப் பத்து வருடங்கள் இந்த மாதிரிதான் கோலோச்சியது.

பிறகு நடந்ததுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம். அந்த மாதிரியை வீழ்த்தியவர்கள் அதன் எதிரிகளல்ல, அதைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தவர்களே.

முதலில் பயஸ், டான் கிறிஸ்டென்சன், கிறெக் ஈகன் என்ற மூவர். ஈகன் யாரென்று பார்த்தால் அவுஸ்திரேலியாவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர்! பத்து-ஜேயைக் கணினியில் வேகமாகக் கணக்கிடும் வழியைக் கிறிஸ்டென்சனும் அவரும் கண்டுபிடித்தார்கள். 2002இல் மூவரும் பெரிய ஸ்பின்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். போன்ஸானோ-ரெஜ்ஜே போல நல்ல கேத்திர கணிதம் மேலே வரவேண்டும். வரவில்லை. நசுங்கித் தட்டையாகிப்போன சிதைந்த துண்டுகளின் பங்கு மற்றதையெல்லாம் மூழ்கடித்தது.

அடுத்த அடி மார்செய் நகரத்திலிருந்து வந்தது. ஓரிடத்தில் ஈர்ப்பு தளம்பினால் இன்னோரிடத்தில் அது எப்படி உணரப்படும் என்பதை ஸ்பின் நுரையிலிருந்து கணக்கிட றொவெல்லியும் சகாக்களும் ஒரு வழி கண்டார்கள். நியூட்டனின் ஈர்ப்பு விதி வரவேண்டிய பாதை அதுதான். 2006இல் முதல் விடைகள் வந்தன, தூரத்தோடு குறையவேண்டிய விதமாகவே குறைந்தன. சந்தோஷப்பட்டார்கள். 2007இல் அலெஷியும் றொவெல்லியும் மிச்சத்தையும் கணக்கிட்டார்கள். இந்தத் தாக்கம் ஓர் அட்டவணையாக, தாயமாக வரும். முன்னர் பார்த்தவை தாயத்தின் மூலைவிட்ட உறுப்புகள், அவை சரி. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ளவை பிழை. விதியின் விளையாட்டைப் பாருங்கள், இங்கேயும் மூலைவிட்டம்! பறெட்-கிரேன் மாதிரி ஐன்ஸ்டைனின் ஈர்ப்பைத் தரவில்லை என்று, அந்த மாதிரியில் வருடக்கணக்காக உழைத்த றொவெல்லியே எழுதி வெளியிட்டார்.

பிழை எங்கே என்பதும் வெளிச்சமாயிற்று. நாலு பரிமாணத்தில் ஈர்ப்பைப் பெற ஒரு சுலபமான கொள்கையை எடுத்து அதன்மேல் சில நிபந்தனைகளைப் போடவேண்டும். பறெட்டும் கிரேனும் நிபந்தனைகளை மிதமிஞ்சி இறுக்கியிருந்தார்கள். முடிச்சில் இருக்கவேண்டிய சுதந்திரம், அதாவது நான்முகியின் உருவம் பற்றிய தகவல், சேர்ந்து நசுங்கிப்போயிற்று. 2007, 2008 ஆண்டுகளில் எங்கிள், லிவீன், பெரெய்ரா, றொவெல்லி ஆகியோர் ஒரு பக்கமும், ஃபிறைடெல், கிராஸ்னோவ் இருவரும் இன்னொரு பக்கமுமாக நிபந்தனைகளைத் தளர்த்திப் புதிய மாதிரிகளை எழுதினார்கள். முன்னவர்களின் மாதிரியே இன்று அதிகம் பாவிக்கப்படுவது. 2009இல் பறெட்டும் நொட்டிங்ஹாம் குழுவினரும் அதைப் பெரிய ஸ்பின்களில் சோதித்தபோது, நாலு பரிமாணத் துண்டுக்கான ரெஜ்ஜேயின் சூத்திரம் வெளிப்பட்டது. தனது மாதிரியின் இடத்தைப் பிடித்த மாதிரி தேறியதென்று நிரூபித்தவர்களில் பறெட்டும் ஒருவர். எமது இலக்கியக் கூட்டங்களில் இப்படி ஒரு காட்சியைக் காண எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வானத்திலிருந்தும் ஒரு சோதனை வந்தது. 2009 மே 10இல் ஃபேர்மி செய்மதி, 700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு வெடிப்பின் ஒளியைப் பதிவுசெய்தது. இடம் கட்டம் போட்ட தாள் போல இருந்தால், சக்தி கூடிய ஒளி சற்றுப் பிந்தியோ முந்தியோ வரலாம். அவ்வளவு தூரம் ஓடிவந்தும் மிகக்கூடிய சக்தியுள்ள ஒளித்துணிக்கை, வெடிப்பு தொடங்கி ஒரு செக்கனுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இடத்தைத் தரை ஓடாகக் கற்பனை செய்யும் பல எண்ணங்களுக்கு அது பேரிடி. ஸ்பின் நுரைக்கு அது நேரடி மறுப்பல்ல. துணிக்கைத் தன்மை இருந்தும் திசைகளும் வேகங்களும் சமமாகவே இருக்கமுடியும் என்று றொவெல்லியும் ஸ்பெஸியாலேயும் 2003இலேயே வாதிட்டிருந்தார்கள். இலத்திரனின் ஸ்பின்னை எந்தத் திசையில் அளந்தாலும் அரைதான் வரும், சாய்த்து அளந்தால் கால் வராது; மாறுவது நிகழ்தகவு மாத்திரமே. பரப்பளவும் அப்படித்தான் என்பது வாதம். ஆனால் மறுக்கப்படாதது என்பது நிரூபிக்கப்பட்டது ஆகாது. ஸ்பின் நுரைக்கு இன்றுவரை ஒரு பரிசோதனைச் சான்றும் இல்லை. இழைக் கொள்கைக்காரர்கள் வேறு பாதையில் போகிறார்கள், அவர்களிடமும் சான்றில்லை.

உள்ளேயும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. ஒரு துண்டுக்குக் கணக்குச் சரி. பல துண்டுகளை ஒட்டி எல்லா நுரைகளையும் கூட்டும்போது, வளைவுள்ள இடங்கள் மறைந்து தட்டையான இடம் மட்டுமே மிஞ்சிவிடுமோ என்ற சந்தேகத்தை 2009இல் பொன்ஸொம் கிளப்பினார். தட்டையான இடத்தில் ஈர்ப்பு இல்லை. அது உண்மையானால் மாதிரி முழுதும் வீண். அண்மைக் காலத்தில் டோனா, கொஸ்ஸினி, சார்னோ போன்றோர் பெரிய கணினிகளில் சில துண்டுகளை ஒட்டி எண்கணக்காகவே பார்க்கிறார்கள். பியங்கா டிட்ரிச்சும் சகாக்களும் 2020 முதல் வேறொரு சுருக்கமான வடிவத்தை வைத்துப் பார்க்கிறார்கள். வளைவு உயிரோடு இருக்கக்கூடிய ஓர் இடைப்பட்ட எல்லை உண்டு என்பது இவர்களது கணக்குகளில் தெரிகிற சேதி. துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் என்னவாகும் என்பது முடியாத வேலை.

போன றமழானில் அந்த மாணவன் வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்தான். இப்போது பொறியியலாளர், பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்களாம். சுகம் விசாரித்து முடிந்ததும், நான் இப்படி ஒன்று எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அவனுக்கு டைல்ஸ் கதை நினைவிருந்தது.

“அப்ப மூலைவிட்டம் வந்திட்டா சேர்?”

“மூணு பரிமாணத்தில வந்திட்டு மகன். நாலில ஒரு துண்டுக்கு வந்திட்டு. துண்டெல்லாத்தையும் ஒட்டினா வருமா எண்டு இன்னும் எண்ணிக்கிட்டு இரிக்காங்க.”

“எண்ணட்டும்,” என்றான். பிறகு மகளின் பரீட்சையைப் பற்றிக் கதைத்தோம்.